பதிவேட்டுக்கு வெளியே 131 வெற்றிகள்

டெக்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், லப்பக்குக்கும் அமரில்லோவுக்கும் நடுவே, பருத்தி விளையும் சமவெளியில் பிளெயின்வியூ என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வேலண்ட் பாப்டிஸ்ட் கல்லூரியின் மகளிர் கூடைப்பந்து அணி, 1953 நவம்பரில் தொடங்கி 1958 மார்ச் வரை, 131 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. இடையில் நான்கு முழுப் பருவங்கள் ஒரு தோல்விகூட இல்லாமல் கழிந்தன. அந்தத் தொடர் முடிந்து 61 ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நெய்ஸ்மித் நினைவுக் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் அந்த அணியைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்துக்கொண்டது. ஒரு வீரரையோ பயிற்சியாளரையோ தனியே எடுக்காமல், ஓர் அணியை முழுதாக ஏற்றுக் கௌரவிக்கும் வழக்கம் அந்த மண்டபத்தில் அரிதாகவே நிகழ்கிறது. அந்த வழக்கத்தின் நிறையையும் குறையையும் எடைபோட வேலண்ட் அணியைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம். என் வாதம் இது: தனிமனிதச் சாதனையாகப் பிரித்தெடுக்க முடியாத வெற்றிகளுக்கும், அதிகாரப்பூர்வப் பதிவேடுகள் விட்டுவிட்ட வெற்றிகளுக்கும் அணி மரியாதையே சரியான வடிவம். ஆனால் அது வரும் காலமும், வழங்கப்படும் முறையும், அது சொல்லாமல் விடும் செய்திகளும் அந்த மரியாதையின் மதிப்பைக் குறைக்கின்றன. வடிவத்தைக் காத்து முறையைத் திருத்த வேண்டும்.

சாதனையின் அளவை முதலில் புரிந்துகொள்வோம். ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் தொடர் யுசிஎல்ஏ அணியுடையது. 1971 முதல் 1974 வரை அது 88 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. மகளிர் பிரிவில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 2010இல் 90 வெற்றிகளோடு அந்த எண்ணைத் தாண்டியது. பிறகு அதே அணி 2014 முதல் 2017 வரை 111 ஆட்டங்களை வென்று, மிசிசிப்பி ஸ்டேட் அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. இந்தத் தொடர்கள் முடிந்த நாட்கள் அமெரிக்கா முழுவதும் தலைப்புச் செய்தியாயின. வேலண்டின் 131 இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அது அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கமான ஏஏயூ நடத்திய தேசியப் போட்டிகளில் 1954, 1955, 1956, 1957 என நான்கு பட்டங்களையும் தன்னுள் கொண்டது. 1958 மார்ச்சில் மிசௌரி மாநிலம் செயின்ட் ஜோசப்பில் நடந்த ஏஏயூ அரையிறுதியில் நாஷ்வில் பிசினஸ் காலேஜ் அணி 46–42 என்ற புள்ளிக்கணக்கில் வேலண்டை வீழ்த்தியதோடு தொடர் நின்றது. அதற்குப் பின்னும் அணி சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே பட்டத்தை மீட்டது. 1975 வரை மொத்தம் பத்து ஏஏயூ பட்டங்கள் பிளெயின்வியூவுக்கு வந்தன.

இந்த வெற்றிகளுக்கு யார் காரணம் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்த முடியாது. அணி மரியாதை ஏன் தேவை என்பதற்கான முதல் நியாயம் இங்கேதான் இருக்கிறது. பெண்களுக்குக் கல்லூரி விளையாட்டு உதவித்தொகை என்பதே அநேகமாக எங்கும் இல்லாத காலத்தில், வேலண்ட் தன் ஆட்டக்காரர்களுக்குப் படிப்புச் செலவை ஏற்று உதவித்தொகை கொடுத்தது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தது 1972இல்தான். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிறு கல்லூரி அதைச் செய்தது. உள்ளூர் விமான நிறுவனத்தின் உரிமையாளர் கிளாட் ஹட்சர்சன் தன்னுடைய சிறிய பீச்கிராஃப்ட் பொனான்சா விமானங்களில் அணியை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். ஃப்ளையிங் குவீன்ஸ், அதாவது பறக்கும் ராணிகள், என்று அணிக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஆண்கள் அணிகளே பேருந்திலும் ரயிலிலும் போய்க்கொண்டிருந்த காலம் அது. டெக்சாஸ், அயோவா, டென்னசி போன்ற மாநிலங்களின் சிற்றூர்ப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்துக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. டெக்சாஸில் பள்ளிப் பெண்களுக்கான மாநிலப் போட்டி 1951இல் தொடங்கியது. அங்கே தேர்ந்த பெண்களுக்குப் படிப்பும் ஆட்டமும் சேர்ந்து கிடைத்த இடங்களில் முதன்மையானது வேலண்ட். தொடரின் பெரும்பகுதியில் பயிற்சியாளராக இருந்த ஹார்லி ரெடின் 1955இல் பொறுப்பேற்றவர். தொடர் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஐந்து பருவங்களில் மாணவிகள் படிப்பை முடித்துப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். பயிற்சியாளர் மாறினார், ஆட்டக்காரர்கள் மாறினார்கள், வெற்றி மட்டும் மாறவில்லை. அப்படியானால் அந்த வெற்றி ஓர் ஏற்பாட்டின் வெற்றி. கல்லூரி, ஊர், பள்ளிகள், விமானம், உதவித்தொகை, பயிற்சி எல்லாம் சேர்ந்து உருவாக்கியது அது. தனிமனிதர்களை மட்டுமே எண்ணும் மரியாதை முறையில் இத்தகைய சாதனைக்கு இடமே கிடைத்திருக்காது.

இரண்டாவது நியாயம் இன்னும் வலுவானது. விளையாட்டுச் சாதனை ஆடுகளத்தில் பிறந்தாலும், அது நிலைப்பது பதிவேட்டில்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பதிவேட்டை வைத்திருப்பது என்சிஏஏ. அந்த அமைப்பு மகளிர் கூடைப்பந்துக்குத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியது 1982இல்தான். அதற்கு முன்பு பெண்களுக்காகப் பெண்களே நடத்திய ஏஐஏடபிள்யூ என்ற சங்கம் 1972 முதல் போட்டிகளை நடத்தியது. அதற்கும் முன்பு, கல்லூரிப் பெண்கள் தேசிய அளவில் மோதிய களம் ஏஏயூதான். ஆகவே என்சிஏஏ கணக்கை மட்டும் பார்ப்பவருக்குக் கனெக்டிகட்டின் 111தான் மிக நீண்ட தொடர். 131 அங்கே இல்லை. வேலண்ட் மாணவிகள் கல்லூரியில் படித்தவர்கள், கல்லூரியின் பெயரில் ஆடியவர்கள். ஆனாலும் அவர்களுடைய வெற்றிகளைக் குறித்துவைக்க வேண்டிய அமைப்பு அப்போது பெண்களின் ஆட்டத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு பார்க்கத் தொடங்கியபோது, தான் பார்க்கத் தொடங்கிய நாளையே வரலாற்றின் முதல் நாளாக வைத்துக்கொண்டது. புகழ்மண்டபத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கல்லூரி, தொழில்முறை, அமெச்சூர், பன்னாட்டு ஆட்டம் என்று கூடைப்பந்தின் எல்லாக் கிளைகளையும் அது பார்க்கிறது. எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் இடமில்லாத சாதனையை முன்னிறுத்த அதனால் முடியும். 2019இல் அது செய்தது அதைத்தான். வேலண்டுக்குக் கிடைத்த மரியாதையின் உண்மையான மதிப்பு, விடுபட்டுப்போன ஒரு வரலாற்றைப் பொதுநினைவுக்குள் கொண்டுவந்ததில் இருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 131 என்ற எண் பெரிதுதான், ஆனால் எதிராளிகள் யார்? அன்றைய மகளிர் கூடைப்பந்தில் வலிமையான அணிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. ஆட்டமும் இன்றையது போன்றதன்று. ஓர் அணிக்கு ஆறு பேர். மூவர் தாக்குவோர், மூவர் தடுப்போர். மைதானம் நடுவில் பிரிக்கப்பட்டு, தத்தம் பாதியைத் தாண்டி யாரும் போகக்கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்கும் வரம்பு உண்டு. இப்படிப்பட்ட ஆட்டத்தில் எடுத்த எண்ணை இன்றைய ஆட்டத்தின் எண்ணோடு எப்படி ஒப்பிடுவது? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைத்து, வேலண்ட் அணி கனெக்டிகட்டைவிடச் சிறந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மறுப்பு அதற்கு மேல் எதையும் நிறுவவில்லை. ஆட்ட விதிகளை வேலண்ட் மாணவிகள் எழுதவில்லை. பெண்களின் உடல் முழு மைதான ஓட்டத்தைத் தாங்காது என்று நம்பியவர்கள் எழுதினார்கள். பயிற்சியாளர் ரெடின் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர். ஐந்து பேர் முழு மைதானத்தில் ஆடும் முறை 1971இல்தான் பெண்களுக்கு வந்தது. எதிராளிகளைப் பற்றிய குறையும் மறுபக்கம் உடையது. ஏஏயூ போட்டி கல்லூரிகளுக்கு மட்டுமானதன்று. நிறுவனங்கள் ஆதரித்த அணிகளும், படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆடிய அனுபவசாலிகளும் அதில் இருந்தார்கள். வேலண்டுக்கு முன் 1951 முதல் 1953 வரை பட்டம் வென்ற ஹேன்ஸ் ஹோசியரி ஒரு காலுறைத் தொழிற்சாலையின் அணி. 102 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற வலிமை அதற்கு இருந்தது. அத்தகையவர்கள் நிறைந்த களத்தில் கல்லூரி மாணவிகள் நான்கு ஆண்டுகள் தோற்காமல் இருந்தார்கள். 1957இல் ரியோ டி ஜெனிரோவில் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியிலும் பிளெயின்வியூ வீராங்கனைகள் இருந்தார்கள். வெளியுலகின் அளவுகோலிலும் அந்த ஆட்டம் தாழ்ந்ததாக இல்லை.

எதிராளிகள் குறைவாக இருந்ததற்கான காரணத்தையும் மறுப்பாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1920களிலிருந்தே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மகளிர் உடற்கல்வித் துறைகள் போட்டி விளையாட்டை எதிர்த்தன. 1923இல் லூ ஹென்றி ஹூவர் தலைமையில் உருவான அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் மகளிர் பிரிவு, பெண்களின் விளையாட்டு எல்லோருக்குமான உடற்பயிற்சியாக இருக்க வேண்டும், வெற்றி வெறியும் வணிகமும் அதைத் தொடக்கூடாது என்று பிரசாரம் செய்தது. அந்த நிலைப்பாட்டில் ஓர் அக்கறை இருந்தது. பெண் ஆட்டக்காரர்களைக் காட்சிப்பொருளாக்கும் போக்கு அன்று உண்மையாகவே இருந்தது. ஏஏயூ தேசியப் போட்டியோடு அழகிப் போட்டியும் சேர்த்து நடத்தப்பட்டது இதற்குச் சான்று. ஆனால் அந்த அக்கறையின் விளைவு என்ன? பெரிய பல்கலைக்கழகங்களின் மாணவிகளுக்குப் போட்டியிடும் வாய்ப்பே இல்லாமல் போனது. சிறு ஊர்களும், வணிகக் கல்லூரிகளும், ஆலைகளும், பாப்டிஸ்ட் கல்லூரி ஒன்றும் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றின. பெரிய கல்லூரிகள் மூடிவைத்த வாசலைத் திறந்துவைத்தவர்களைப் பார்த்து, உங்களோடு மோத நல்ல எதிராளிகள் இல்லையே என்று குறை சொல்வது நேர்மையன்று.

இவ்வளவும் அணி மரியாதைக்குச் சாதகமான வாதங்கள். இனிக் குறைகளைப் பார்ப்போம். முதற்குறை தாமதம். மண்டபம் தன் முதல் உறுப்பினர்களை 1959இல் ஏற்றது. பெண்கள் அதில் நுழைந்தது 1985இல். ஆட்டக்காரர் என்ற தகுதியில் பெண்கள் முதன்முதலாக ஏற்கப்பட்டது 1992இல். அணிகளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் விசித்திரமானது. தொடக்க ஆண்டுகளில் ஒரிஜினல் செல்டிக்ஸ், பஃபலோ ஜெர்மன்ஸ் போன்ற அணிகளும், 1963இல் நியூயார்க் ரெனைசான்ஸ் என்ற கறுப்பின அணியும் சேர்க்கப்பட்டன. அதன்பின் 2002இல் ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் வரும்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் எந்த அணியும் உள்ளே வரவில்லை. அந்த நாற்பது ஆண்டுகள் வேலண்ட் வீராங்கனைகள் நடுவயதைக் கடந்து முதுமை எய்திய ஆண்டுகள். 1954இல் இருபது வயதில் ஆடியவருக்கு 2019இல் எண்பத்தைந்து வயது. மரியாதை என்பது செய்தவரின் முகத்துக்கு நேரே சொல்லப்பட வேண்டிய நன்றி என்றால், இந்த நன்றியின் பெரும்பகுதி கேட்க வேண்டியவர்கள் இல்லாத இடத்தில் சொல்லப்பட்டது. காலம் கடந்த பிறகுதான் சாதனையின் உண்மையான எடை தெரியும் என்று மண்டபத்தின் சார்பில் சொல்லலாம். ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு அந்த விளக்கம் பொருந்தும். 61 ஆண்டுகளுக்குப் பொருந்தாது. 131 என்ற எண்ணின் எடை 1958லேயே தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, பெண்களின் ஆட்டமும் வரலாறுதான் என்பது.

இரண்டாவது குறை வரிசையில் இருக்கிறது. அணி மரியாதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: பயிற்சியாளர் முதலில், ஆடியவர்கள் பின்னால். டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி 1966இல் ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கி, கென்டக்கி அணியை 72–65 என்று வென்று என்சிஏஏ பட்டத்தை எடுத்தது. அந்தப் பருவம் 28 வெற்றி, ஒரு தோல்வி. அதன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் 1997இல் புகழ்மண்டபம் ஏறினார். அணி ஏறியது 2007இல். இறுதி ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்த பாபி ஜோ ஹில் இடையில் 2002இல் காலமாகிவிட்டார். டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரி 1957, 1958, 1959 என மூன்று தொடர் தேசியப் பட்டங்களை வென்றது. அதன் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன் 1979இல் பங்களிப்பாளராகவும், 2016இல் பயிற்சியாளராகவும் இருமுறை கௌரவிக்கப்பட்டார். அவருடைய மாணவர்கள் அணியாக ஏற்கப்பட்டது 2019இல், வேலண்டோடு சேர்ந்து. அதற்கும் அந்த அணியின் டிக் பார்னெட் பல ஆண்டுகள் விடாமல் முயல வேண்டியிருந்தது. 1972 முதல் மூன்று தேசியப் பட்டங்களை வென்ற இம்மாகுலேட்டா கல்லூரியின் பயிற்சியாளர் கேத்தி ரஷ் 2008இல், அணி 2014இல். டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் உள்ள மகளிர் கூடைப்பந்து புகழ்மண்டபத்திலும் இதே கதைதான்: ஹார்லி ரெடின் 1999இல், ஃப்ளையிங் குவீன்ஸ் 2013இல். இந்தப் பயிற்சியாளர்களில் ஒருவர்கூடத் தகுதியற்றவர் அல்லர். மெக்லெண்டன் இந்த விளையாட்டின் மாபெரும் சிந்தனையாளர்களில் ஒருவர். ஆனால் ஆட்டத்தை வழிநடத்தியவருக்கு முதலில் கிடைக்கும் பெருமை, ஆடியவர்களுக்குப் பிறகும் பத்து, பதினான்கு, நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது ஏன்? நிறுவனங்கள் ஒரு பெயரை எளிதில் நினைவில் வைக்கின்றன. பன்னிரண்டு பெயர்களை வைப்பதற்கு உழைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெயர்களிலேயே மூன்றாவது குறையும் அடங்கியிருக்கிறது. அணியாகக் கௌரவிக்கப்படும்போது தனிமனிதர்கள் கூட்டத்தில் மறைந்துவிடுகிறார்கள். 1958இல் வேலண்டின் தொடரை முறித்த நாஷ்வில் அணியின் நட்சத்திரம் நீரா வொய்ட். 1992இல் மண்டபம் ஏற்ற முதல் இரண்டு வீராங்கனைகளில் அவரும் ஒருவர். அது முற்றிலும் நியாயமானது. ஆனால் அவரோடு மோதி வென்ற லோமெட்டா ஓடம், பேட்சி நீல் போன்றவர்கள் பொதுவாசகருக்கு ஓர் அணியின் பெயருக்குள் அடங்கியவர்களாகவே தெரிகிறார்கள். டெக்சாஸ் வெஸ்டர்ன் அணிக்குத் தரப்பட்ட மரியாதை ஒரே ஒரு பருவத்துக்கு உரியது. யார் யார் ஆடினார்கள் என்பதில் குழப்பமில்லை. வேலண்டுக்குத் தரப்பட்டதோ 1948 முதல் 1982 வரை, 34 ஆண்டுகளுக்கு. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. தொடருக்கு முன்பு அடித்தளம் இட்டவர்களையும், பின்பு ஆறு பட்டங்களை வென்றவர்களையும் வெளியே நிறுத்துவது சரியாகாது. என்றாலும் எல்லோருக்கும் பொதுவான மரியாதை எவருக்கும் சொந்தமாகாமல் போகும் ஆபத்து இருக்கிறது. 131 ஆட்டங்களை வென்ற மாணவிகளும், அவர்களுக்கு இருபது ஆண்டுகள் கழித்துப் புதிய விதிகளில், புதிய சங்கத்தின் கீழ் ஆடியவர்களும் ஒரே வரியில் அடங்கும்போது, சாதனையின் தனித்தன்மை மங்குகிறது.

நான்காவது குறை, சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. புகழ்மண்டபம் இயல்பாகவே வெற்றியைச் சொல்லும். அந்த வெற்றி எந்தச் சூழலில் நடந்தது என்பதைச் சொல்லும் பழக்கம் அதற்குக் குறைவு. 1950களின் அமெரிக்கத் தெற்கு இனப்பிரிவினையின் பிடியில் இருந்தது. வேலண்ட் கல்லூரி 1951இலேயே, நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல், கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த வட்டாரத்தில் அது துணிச்சலான முடிவு. ஆனால் மகளிர் கூடைப்பந்தின் பெருங்களம் அவ்வளவு திறந்ததாக இல்லை. 1930களில் பென்னட் கல்லூரி போன்ற கறுப்பின மகளிர் கல்லூரிகளிலும், ஓரா வாஷிங்டன் ஆடிய பிலடெல்பியா ட்ரிப்யூன் அணியிலும் மிக உயர்ந்த தரத்தில் ஆட்டம் நடந்தது. அவர்கள் தங்களுக்கென்று தனியாக அமைத்துக்கொண்ட களத்தில் ஆடினார்கள். 1955இல்தான் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஃபிலாண்டர் ஸ்மித் கல்லூரியைச் சேர்ந்த மிசௌரி ஆர்லெட்ஜ், ஏஏயூ தேசியத் தேர்வு அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். ஓரா வாஷிங்டனுக்கு நெய்ஸ்மித் மண்டபம் 2018இல் திறந்தது, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. இதைச் சொல்வதால் வேலண்டின் பெருமை குறையாது. கதை முழுமை பெறும். 2019இல் ஒரே விழாவில் வேலண்டும் டென்னசி ஏ அண்ட் ஐயும் ஏற்கப்பட்டன. ஒன்று பாலினத்தால் பதிவேட்டுக்கு வெளியே நின்றது, மற்றொன்று நிறத்தால். ஒரே பத்தாண்டில் ஒரே நாட்டில் ஆடிய இரு கல்லூரி அணிகள், இரண்டுமே அறுபது ஆண்டுகள் காத்திருந்தன. இந்த இணையை விளக்கிச் சொல்வதுதான் மண்டபம் தன் பார்வையாளர்களுக்குத் தரக்கூடிய மிகப்பெரிய பாடம்.

இத்தனை குறைகள் இருந்தால், இப்படிப்பட்ட மரியாதைகளைப் பொருட்படுத்துவானேன் என்று ஒருவர் கேட்கலாம். வெற்றி வெற்றிதான், மண்டபம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் 131 என்பது 131தான். இந்த வாதம் உயர்ந்த மனநிலையிலிருந்து வருவதாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது நிறுவனங்களின் மறதிக்கு வசதி செய்துகொடுக்கிறது. பொது நினைவு தானாக உருவாவதில்லை. பள்ளிப் பெண் ஒருத்தி கூடைப்பந்தின் வரலாற்றைத் தேடும்போது என்ன கிடைக்கிறது, ஒரு பெரிய தொடர் முறியும்போது செய்தியாளர் எந்த எண்ணை ஒப்பிட எடுக்கிறார், ஒரு கல்லூரி நிர்வாகம் மகளிர் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கும்போது எந்த முன்னுதாரணத்தைக் காட்டுகிறது என்பதையெல்லாம் இத்தகைய அங்கீகாரங்களே தீர்மானிக்கின்றன. மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து 1982இல் பிறந்தது என்று நம்புகிறவர், பெண்களுக்கு வாய்ப்பைச் சட்டமும் பெரிய பல்கலைக்கழகங்களும் தந்தன என்று முடிவு கட்டிவிடுவார். வேலண்டை அறிந்தவர் அப்படி நினைக்க மாட்டார். சட்டம் வருவதற்கு முன்பே ஒரு சிற்றூர், தன் பெண்கள் உதவித்தொகை பெற்று, விமானத்தில் பறந்து, நாட்டின் முதன்மை அணியாக ஆட முடியும் என்று செய்து காட்டியது. பிற்காலத்தில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தை 1993இல் என்சிஏஏ பட்டத்துக்கு அழைத்துச் சென்ற பயிற்சியாளர் மார்ஷா ஷார்ப் வேலண்டில் படித்தவர். முன்பு நடந்தது பின்பு நடந்ததற்கு வித்தாக இருந்தது. அந்தத் தொடர்ச்சி தெரிய வேண்டுமானால் முன்பு நடந்தது பதிவாக வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது. அணியை முழுதாகக் கௌரவிக்கும் வழக்கம் சரியானது, அவசியமானது; அது இன்னும் அடிக்கடி நடக்க வேண்டும். கூட்டாக உருவான சாதனைக்கும், பதிவேடு மறுத்த சாதனைக்கும் அதைவிட நேர்மையான வடிவம் இல்லை. ஆனால் அது நடக்கும் முறை மாற வேண்டும். ஓர் அணியை ஏற்கும்போது அந்த அணியில் ஆடிய ஒவ்வொருவரின் பெயரும், ஆடிய ஆண்டும் மண்டபத்தின் சுவரிலும் பதிவிலும் இருக்க வேண்டும். நீண்ட காலப்பரப்பை ஏற்கும்போது, அதற்குள் நிகழ்ந்த தனிச் சாதனையைப் பிரித்துக் குறிக்க வேண்டும். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் அதே ஆண்டில் அவருடைய அணியின் தகுதியையும் பரிசீலிப்பதை விதியாக்க வேண்டும். சாதனையாளர்கள் உயிரோடு இருக்கும்போதே முடிவெடுக்கும் அவசரம் தேர்வுக் குழுக்களுக்கு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்சிஏஏ தன் பதிவேட்டில் 1982க்கு முந்தைய மகளிர் ஆட்டத்துக்கு ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். அந்த ஆட்டத்தைத் தான் நடத்தவில்லை என்று அது குறிப்பிடட்டும். ஆனால் நடக்கவே இல்லை என்பதுபோல் இருக்கக்கூடாது. புகழ்மண்டபம் 2019இல் ஒரு பாதியைச் செய்தது. மறுபாதி பதிவேட்டை வைத்திருப்பவர்களின் கடமை, அதை அவர்கள் இனியும் தள்ளிப்போடக்கூடாது.